காரமில்லாத சிவப்பு

அந்த மரங்கள் இன்றைக்கும் நிற்கின்றன என்றால் அதற்குக் காரணம் என் அசதிதான். வேறு பெரிய எண்ணமெல்லாம் ஒன்றும் கிடையாது. வெட்டிப் போடச் சொல்லிவிட்டுத்தான் அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆள் பிடித்து, நாள் சொல்லி, கூடவே நின்று வெட்டவைக்க எனக்குத் தெம்பு இல்லை. நாளைக்குப் பார்ப்போம், நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளித் தள்ளி மறந்தே போனேன்.

அவர் என்றால் என் வீட்டுக்காரர். சங்கரன்கோவிலில் விசைத்தறிக் கூடங்களுக்குப் போய்த் தறி ரிப்பேர் பார்க்கிற மெக்கானிக். நான் டீச்சர். ஒரே மகள் கைப்பிள்ளையோடு பெங்களூரில் இருக்கிறாள். தறி ஓடுகிற சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பேசி அவருக்கு வீட்டிலும் அதே தொண்டைதான். "தண்ணி கொண்டா" என்று கேட்டால் தெருமுனைக் கடைக்காரர் திரும்பிப் பார்ப்பார். மெல்லப் பேசுங்கள், மெல்லப் பேசுங்கள் என்று கல்யாணம் ஆன நாளிலிருந்து சண்டை போட்டிருக்கிறேன். கடைசியில் அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. இப்போது அவர் என்ன சொல்கிறார் என்று கேட்க, நான் காதைப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. என் வேண்டுதலை இப்படியா ஆண்டவரே கேட்டீர் என்று ஒருநாள் ஜெபத்தில் கேட்டே விட்டேன்.

மரங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ராயகிரிப் பக்கம் அவருக்கு அப்பா வழியில் வந்த கொஞ்சம் செவக்காடு, செம்மண் நிலம், உண்டு. மானம் பார்த்த பூமி. ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தன் பைக்கில் வந்து இறங்கினான். கையில் வழவழவென்று நோட்டீஸ். ஜாப்ரா என்று ஒரு மரமாம். பெரிதாகவும் வளராதாம், கை எட்டுகிற உயரத்திலேயே காய் பறிக்கலாமாம். காய்க்குள் இருக்கிற விதையின் மேலே சிவப்புச் சாயம். வெண்ணெய்க்கு, மிட்டாய்க்கு, உதட்டுச் சாயத்துக்கு, நூலுக்கு என்று கம்பெனிக்காரன் இயற்கைச் சாயம் தேடி அலைகிறான், காய்த்தவுடன் காட்டுக்கே வந்து அள்ளிக்கொண்டு போவோம் என்றான். ஆடு கடிக்காது என்றான், தண்ணீர் அதிகம் கேட்காது என்றான். அந்த இரண்டு மட்டும் உண்மை.

இவர் மயங்கிவிட்டார். காலமெல்லாம் அடுத்தவன் தறியைப் பார்த்த மனுஷனுக்குத் தனக்கென்று ஒன்றை வளர்த்துப் பார்க்க ஆசை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வெள்ளை வேட்டியைக் கூட மாற்றாமல் பஸ் ஏறிவிடுவார். நானும் போய்க் குடத்தில் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். மூன்றாம் வருஷம் இளஞ்சிவப்பாய்ப் பூத்து, கொத்துக் கொத்தாய்க் காய்த்தது. ஆமணக்கங்காய் மாதிரி மேலெல்லாம் முள், ஆனால் குத்தாது. அந்த ஆளுக்குப் போன் போட்டால், அந்த எண் உபயோகத்திலேயே இல்லை. விதையை ஒரு பையில் போட்டுக்கொண்டு கடை கடையாய் ஏறி இறங்கினார். சாயக் கடையில் தேவையில்லை என்றார்கள். நாட்டு மருந்துக் கடையில் வாங்கி மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்த மரத்துக்கு ஊரில் குங்கும மரம் என்றும் ஒரு பேர் உண்டு. அவருடைய அக்கா, அதாவது என் மதினி, இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். கோயில் என்று நாங்கள் சொல்கிற சர்ச் வாசலில், ஆராதனை முடிந்து எல்லாரும் நிற்கிறபோது, "ஏலே, வேதக்காரன் வீட்டுல குங்கும மரமாலே நட்டு வச்சிருக்க? யாருக்குலே பொட்டு வைக்கப் போற?" என்று கேட்டுச் சிரித்தார். சபையே சிரித்தது. நாங்கள் கிறிஸ்தவர்கள், பொட்டு வைக்கிற வழக்கம் இல்லாதவர்கள். அன்றையிலிருந்து அவருக்குக் 'குங்குமக்காரர்' என்று பேர் விழுந்துவிட்டது. தறிக்கூடம் வரைக்கும் போய்விட்டது அந்தப் பேர். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அவர் அதற்குப் பிறகு காட்டுப் பக்கம் காலெடுத்து வைக்கவில்லை. ஜாப்ரா என்ற சொல்லே வீட்டில் கிடையாது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற அன்றைக்குப் பையை எடுத்துக்கொண்டே, "அந்தச் சனியன வெட்டித் தூரப் போடு. நான் திரும்பி வரும்போது இருக்கப்படாது" என்றார்.

முதலில் சோதனைக்கென்று சில நாள் ஆஸ்பத்திரியிலேயே வைத்திருந்தார்கள், அப்புறம் திருநெல்வேலிக்குத் தினமும் விடிய பஸ் ஏறிக் கரண்டு வைத்துக்கொண்டு வந்தோம். கதிர்வீச்சுக்கு எங்கள் பக்கம் கரண்டு என்றுதான் பேர். கட்டி கரைந்தது. ஆனால் வாய் வெந்துபோனது. எச்சில் ஊறுவது நின்றது. நாக்கு செத்துப் போனது. உப்பும் தெரியாது, இனிப்பும் தெரியாது. ருசி மெள்ள மெள்ள வரும், மாசக்கணக்கில் ஆகும், அதுவரைக்கும் காரம், புளி, சூடு மூன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். டாக்டரம்மா அவர் எடையைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இதுக்கு மேல குறைஞ்சா மூக்கு வழியா டியூப் போட்டுத்தான் சாப்பாடு கொடுக்கணும்மா" என்றார்.

தனியாகச் சொல்லி என்ன? அவருக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்குக் குளுக்கோஸ் ஏற்ற அவரைப் படுக்கவைத்த வார்டில் பக்கத்துக் கட்டிலில் ஒருவர் மூக்கில் டியூபோடு கிடந்தார். அவர் வீட்டுக்காரம்மா ஊசிக் குழாயில் கஞ்சியை இழுத்து டியூபுக்குள் ஊற்றுவார். அந்த மனுஷன் முகட்டைப் பார்த்துக்கொண்டே கிடப்பார். சாப்பிடுகிறோம் என்ற சுரணைகூட முகத்தில் இருக்காது. இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் கையைப் பிடித்தார். "எனக்கு அது வேண்டாம்ட்டி. அதுக்கு என்னைய விட்டுரு, போயிருதேன்" என்றார். சாகப் பயப்படாத மனுஷன் அந்த டியூபுக்குப் பயந்தார்.

ஆக, வாய் வழியாய்ச் சாப்பிட வைக்க வேண்டும். அவ்வளவுதான் என் வேலை. பள்ளிக்கூடத்தில் நீண்ட லீவு சொல்லிவிட்டு வந்தேன். குழையக் குழைய வடித்த சோறு, பாசிப்பருப்பு, முட்டை, முள் எடுத்த மீன் எல்லாவற்றையும் மிக்ஸியில் போட்டு அரைத்து, பாலை ஊற்றி ஆறவைத்துக் கொண்டுபோவேன். அவர் பார்ப்பார். "போஸ்டர் ஒட்டவா இது?" என்பார். இரண்டு கரண்டி உள்ளே போவதற்குள் எனக்கு இடுப்பு விட்டுப்போகும். மூன்றாவதுக்கு வாயை மூடிக்கொள்வார். ஒரு தடவை கிண்ணத்தைத் தட்டிவிட்டார். நானும் கோபத்தில், "பின்ன டியூபையே போட்டுக்கிடுங்க, எனக்கும் விட்டது தொல்லை" என்று கத்திவிட்டேன். கத்திவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன். மூன்று வேளை சமையல், மூன்று வேளை தோல்வி. அந்த நாட்களில் எனக்குப் பைத்தியம் பிடிக்காதது ஆச்சரியம்தான்.

அவரைக் குற்றம் சொல்லியும் பிரயோஜனமில்லை. காலமெல்லாம் செக்கச்செவேலென்று மீன் குழம்பும் கறிக்குழம்பும் தின்று வளர்ந்த உடம்பு. எண்ணெய் மிதக்காவிட்டால் குழம்பென்று ஒத்துக்கொள்ளவே மாட்டார். ஆட்டோவில் வரும்போது பிரியாணிக் கடைகளைத் தாண்டுகிற இடத்தில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். மணம் தெரியாது அவருக்கு, அது எனக்குத் தெரியும். ஆனாலும் கண் தெரியும் அல்லவா?

அப்போதுதான் பக்கத்துக் காட்டுக்காரர் போன் பண்ணினார். "டீச்சர், உங்க வேலி சாஞ்சு கெடக்கு. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க" என்றார். மதினியை வீட்டில் உட்காரவைத்துவிட்டுப் போனேன். போய்ப் பார்த்தால் அந்தச் சனியன்கள் வேலி ஓரமாய் வரிசையாய் நிற்கின்றன, ஒன்றுகூடச் சாகவில்லை. தண்ணீர் ஊற்ற நாதியில்லாமல், பார்க்க ஆளில்லாமல், குலைகுலையாய்க் காய்த்துக் காய்ந்து வாய் பிளந்து கிடந்தன. என்னமோ வயிற்றெரிச்சல். ஒரு காயைப் பிடுங்கிக் கையில் வைத்துக் கசக்கினேன். அப்புறம் இன்னொன்று. பஸ் வருகிற வரைக்கும் கசக்கிக்கொண்டே நின்றேன். உள்ளங்கையெல்லாம் சிவப்பு. வீட்டில் வந்து சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை. நேரமாகிவிட்டதே என்று அப்படியே கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் உட்கார்ந்தேன்.

அவர் கிண்ணத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார்.

"மொளகா அரைச்சியா?" என்றார்.

வாயில் வந்துவிட்டது. "ஆமா."

"மீனா?"

"மீன்தான்."

"எனக்குக் கெடையாதாக்கும்?" அந்த மெலிந்த முகத்தில் எத்தனையோ வாரத்துக்குப் பிறகு ஒரு ஆசை. பிள்ளை கேட்கிற மாதிரி கேட்டார். "ஒரு சொட்டு ஊத்தேன்ட்டி."

இரண்டு மூன்று நாள் போகட்டும், தருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். நோட்டீஸில் வெண்ணெய், மிட்டாய் என்று போட்டிருந்தது ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரியில் என்னென்ன சாப்பிடலாம் என்று சொல்லித்தருகிற அம்மாவுக்குப் போன் போட்டேன். அவர் விசாரித்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார். "அது சாப்பாட்டுல சேர்க்கிறதுதாம்மா, காரம் கிடையாது, தாராளமா குடுங்க. எண்ணெய் சேர்ந்தா இன்னும் நல்லது, எடை கூடும்" என்றார். மறுநாளே போய் ஒரு பை காய் பறித்துவந்தேன், அப்படியும் மனது கேட்காமல் இரண்டு நாள் நானே சாப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. ருசியும் ஒன்றும் பெரிதாய் இல்லை.

நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கி விதையைப் போட்டு வைத்தால் சாயம் எண்ணெயில் இறங்கிவிடும். முதல் தடவை சூடு கூடிப்போய் எண்ணெய் கருத்துக் கசந்தது, கொட்டினேன். இரண்டாம் தடவை சரியாய் வந்தது. பழைய வேட்டித் துணியில் வடிகட்டி ஊறுகாய் பாட்டிலில் ஊற்றிப் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அதே பசைச் சோறுதான். அதே பால், முட்டை, மீன்தான். மேலே இரண்டு கரண்டி எண்ணெயை ஊற்றினேன். செக்கச்செவேலென்று மிதந்தது.

அவர் சாப்பிட்டார். முழுக்கிண்ணமும் சாப்பிட்டார். நடுவில் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "லேசா சுள்ளுனு இருக்கோ?" என்றார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது. செத்த நாக்குக்குக் காரம் தெரிந்ததாம். "கொஞ்சம் கூடிட்டு, நாளைக்குக் குறைச்சுக்கிடுதேன்" என்றேன். "குறைக்காத" என்றார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எதைச் சொல்வது? காரம் இல்லை என்றா, வெட்டச் சொன்னதை வெட்டவில்லை என்றா? ஊரே சிரித்த அந்தக் காயைத்தான் கரைத்து ஊற்றுகிறேன் என்றா? சொன்னால் வாயை மூடிக்கொள்வார் என்று பயம். பிடித்த பொய்யை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் போனது. எடை குறைவது நின்றது. அப்போதுதான் ஒரு மத்தியானம் மதினி வந்தார். கிண்ணத்தைப் பார்த்தார். அவ்வளவுதான்.

"ஏட்டி, டாக்டர் காரம் ஆகாதுன்னு சொல்லிருக்கு. நீ செக்கச்செவேல்னு குடுக்க? என் தம்பியக் கொல்லப் பாக்கியா?"

அவர் கட்டிலில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். "அவுங்களுக்கு ஒத்துக்கிடுது மதினி" என்றேன்.

"ஒத்துக்கிடுதா! வெந்த வாயில மொளகாயப் போட்டா ஒத்துக்கிடுமா? உனக்குப் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு, அதைச் சொல்லு."

அந்தக் கடைசி வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் அலுத்துத்தான் போயிருந்தது. வாசலுக்குக் கூட்டிக்கொண்டுபோய் இரண்டு வார்த்தையில் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மதினி வாயில் ரகசியம் தங்காது, இவர் காதுக்கு வந்துவிடும் என்பது ஒரு காரணம். அது பாதிதான். குங்குமக்காரன் என்று பேர் வைத்ததே மதினிதானே, அவருக்கு நான் என்ன கணக்குச் சொல்வது என்ற வீம்பு மீதிப் பாதி. அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். மதினி சபையில் போய்ச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பெண்கள் பக்கம் என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. ஒருத்தி ஜெபக் குறிப்பில்கூடச் சேர்த்தாள், 'சகோதரிக்குப் பொறுமையைத் தாரும்' என்று.

ஆனால் மதினி தினம் வந்து பார்த்தார். தம்பி சாப்பிடுவதைப் பார்த்தார், கன்னத்தில் கொஞ்சம் சதை வைப்பதைப் பார்த்தார். மெதுவாய் அவர் பேச்சு மாறியது. "என்னமோ, கர்த்தர் கிருபை. அவன் உடம்பு மத்தவன் உடம்பு மாதிரி இல்ல. காரம் தின்னு வளந்த உடம்புலா" என்று எல்லாரிடமும் சொல்ல ஆரம்பித்தார். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. ஏச்சு நின்றதே, போதும் என்றிருந்தது.

அந்த மாசக் கடைசியில் எங்கள் சபையில் அசனம். வருஷத்துக்கு ஒரு தடவை கோயில் வளாகத்தில் பெரிய பெரிய செம்பு அண்டாக்களில் சோறும் ஆட்டுக்கறி போட்ட குழம்பும் ஆக்கி, ஏழை பணக்காரன் என்றில்லாமல் எல்லாரும் ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. படுக்கையில் கிடக்கிறவர்களுக்குத் தூக்குவாளியில் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அசனச் சோற்றை யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஒரு பருக்கையாவது வாயில் போட்டுக்கொள்ள வேண்டும், அது ஆசீர்வாதம். பாட்டிலில் எண்ணெய் தீர்ந்துவிட்டது. ஆண்களும் பெண்களும் கோயிலில் இருப்பார்கள், யார் கண்ணிலும் படாமல் காய் பறித்துவரலாம் என்று அன்றைக்குத்தான் நான் காட்டுக்குப் பஸ் ஏறினேன். அசனச் சோறு வீடு தேடி வரும் என்பது என் மண்டையில் உறைக்கவே இல்லை. பிறந்ததிலிருந்து அசனம் சாப்பிடுகிறவள் நான்.

பையில் காயோடு திரும்பி வந்தபோது வாசலிலேயே மதினியின் அழுகைச் சத்தம் கேட்டது. அவர் கட்டிலில் வாயைத் திறந்தபடி முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. சத்தம் போட முடியவில்லை. மதினி ஒரு கையால் விசிறிக்கொண்டு இன்னொரு கையில் பால் தம்ளரை வைத்துக்கொண்டு நடுங்குகிறார். கீழே தூக்குவாளி. கறிக்குழம்பு, நிஜமான மிளகாய் போட்டது.

"அவனே கேட்டான்ட்டி" என்று மதினி அழுதார். "உன் கைக் காரம் ஒத்துக்கிடும்போது ஆண்டவரோட அசனம் ஒத்துக்கிடாதான்னு நெனச்சேன். நீ தினம் குடுக்கதத்தானே நானும் குடுத்தேன்?"

ஆறின பாலைக் கொஞ்சம் கொஞ்சமாய் விட்டு வாயை நனைத்து, ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, அவர்கள் சொன்ன மருந்தை வாங்கித் தடவி, அவர் கொஞ்சம் அடங்கின பிறகு, மதினியை அடுப்படிக்குக் கூப்பிட்டுக் காய்ப் பையைக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். மதினி நெற்றியில் அடித்துக்கொண்டார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா? ஒரே ஒரு வார்த்தை" என்றார். மதினி ஊட்டினது ஒரு வாய்தான். ஊட்டவைத்தது என் வீம்பு. பாவி, நான்தான்.

மூன்று நாள் ஆறின பால் மட்டும்தான் இறங்கியது, அதுவும் சொட்டுச் சொட்டாய். நாலாம் நாள் வாய் கொஞ்சம் ஆறியது. கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றிக் கொண்டுபோனேன். சிவப்பைக் கண்டதும் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார், அடிக்க வந்தவனைக் கண்ட மாதிரி. வெள்ளையாய்க் கொண்டுபோனேன். அதையும் பார்க்கவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இனிமேல் இதுவும் இல்லை, அதுவும் இல்லை. வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எடை பார்ப்பார்கள். என்ன சொல்லப்போகிறார்கள் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் இரண்டு விரலால் தன் மூக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் சுளகில் காய்களைக் கொட்டி எடுத்துக்கொண்டு அவர் முன்னால் கட்டிலிலேயே உட்கார்ந்தேன். ஒரு காயை எடுத்து இரண்டாய்ப் பிளந்து கசக்கி உள்ளங்கையைக் காட்டினேன். பார்த்த உடனே அவருக்குத் தெரிந்துவிட்டது. மூன்று வருஷம் தண்ணீர் ஊற்றின மனுஷன் அல்லவா?

"வெட்டலையா நீ?"

"வெட்டல."

"நான் சொன்னேன்லா?"

"சொன்னீங்க. எனக்கு ஏலல."

அப்புறம் எல்லாவற்றையும் கொட்டினேன். கை சிவந்த அன்றிலிருந்து அசனம் வரைக்கும். மிளகாய் ஒருநாளும் இல்லை, நீங்கள் தின்றதெல்லாம் இதுதான், உங்களுக்குச் சுள்ளென்று இருந்ததும் இதுதான் என்றேன். எண்ணெயை என் சோற்றில் ஊற்றிப் பிசைந்து அவர் பார்க்கவே ஒரு வாய் சாப்பிட்டேன். "பாருங்க, எனக்கு உறைக்குதா?" என்றேன். "ஏசணும்னா ஏசிக்கிடுங்க. நான் ரொம்ப அசந்து போயிட்டேன். எனக்கு இதுக்கு மேல என்ன பண்ணன்னு தெரியல" என்றேன். அதுதான் உண்மை.

பக்கத்துத் தெருத் தறிகள் ஓடிக்கொண்டே இருந்தன. அவர் சுளகிலிருந்து ஒரு காயை எடுத்தார். முள்ளைத் தடவினார். பிளந்தார். விதையை எண்ணுகிற மாதிரி விரலால் தள்ளிப் பார்த்தார். விரல் சிவந்தது.

"எத்தனை நிக்கி?" என்றார்.

"எல்லாம் நிக்கி. ஒன்னுகூடப் போகல."

"காயி?"

"வெடிச்சுக் கொட்டிக்கிட்டுக் கெடக்கு."

"கொட்டவா விட்டுட்டு வந்த?" என்றார். அந்தச் செத்த தொண்டையில் எவ்வளவு சத்தம் வருமோ அவ்வளவும் வந்தது. "கூறுகெட்டவளே! மழை பெஞ்சா அம்புட்டும் பூசணம் பிடிச்சிரும்லா?"

கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவர் என்னை ஏசினதில் அந்த ஒரு தடவைதான் எனக்குக் குளிர்ந்தது. கிண்ணத்தை எடுத்தேன். எண்ணெயை ஊற்றினேன். கை நீட்டினேன். அவர் கொஞ்சம் பயந்தார், என் முகத்தைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். அன்றைக்கு ஐந்து கரண்டி. மறுநாள் அதற்குக் கொஞ்சம் கூட. அதற்குள் மதினி ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு ராயகிரி பஸ் ஏறிவிட்டார், நான் சொல்லாமலே. சாயங்காலம் கையும் சேலையுமாய்ச் சிவந்து வந்து நின்றார். யாரும் சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை எடை மிஷினில் ஏறும்போது அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார். அசனத்துக்கு முன்னால் இருந்ததைவிடக் கொஞ்சம் குறைந்துதான் இருந்தது. நான் நம்பரைப் பார்த்தேன், டாக்டரம்மா முகத்தைப் பார்த்தேன். அவர் பழைய சீட்டைப் புரட்டினார். "இப்ப சாப்பிடுறாரா?" என்றார். "சாப்பிடுதாங்க" என்றேன். "சரி, இன்னும் ரெண்டு வாரம் பாப்போம். டியூப் இப்ப வேண்டாம்" என்றார். நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

அப்புறம் டாக்டரம்மா டார்ச்சை எடுத்து அவரை வாயைத் திறக்கச் சொன்னார். பார்த்தார். புருவம் சுருங்கியது. உதடு, நாக்கு எல்லாம் ஆரஞ்சும் சிவப்புமாய் இருந்தது. சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"என்னம்மா இது? இவ்வளவு சிவப்பா? திரும்பவும் மிளகாய் குடுத்தீங்களா?"

நான் எழுந்து பதில் சொல்ல வாயெடுத்தேன். என் வீட்டுக்காரர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். அந்த அறையில் இரண்டு நர்ஸ், வெளியே வரிசையில் நிற்கிற ஆட்கள். எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்று தொண்டையைச் செருமிக்கொண்டு, அவரே சொன்னார்.

"மொளகா இல்ல டாக்டர். அது எங்க மரம். நான் நட்டது."